பொன்னும் செங்கல்லும்: இஸ்தான்புல்லின் பைசாந்தியத் தேவாலயங்களில் ஒரு நாட்குறிப்பு

புதன்: குச்சுக் ஆயா சோபியா

இஸ்தான்புல்லுக்கு வருகிறவர்கள் பெட்டியை அறையில் வைத்த கையோடு ஹாகியா சோபியாவின் வரிசையில் போய் நின்றுவிடுவது வழக்கம். நாங்கள் அதை நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, பழைய தேர்ப்பந்தய அரங்கமான ஹிப்போட்ரோமின் தென்முனையிலிருந்து மர்மரா கடலை நோக்கிச் சரியும் தெருக்களில் இறங்கி, இரயில் பாதையை ஒட்டி நிற்கும் குச்சுக் ஆயா சோபியா (சிறிய ஹாகியா சோபியா) என்னும் தேவாலயத்தை முதலில் பார்த்தோம். செர்கியூஸ், பாக்கூஸ் என்னும் இரண்டு படைவீரர்கள் கிறிஸ்துவுக்காக உயிர் துறந்தவர்கள். அவர்கள் பெயரில், இந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது இது. 527இல் அவர் அரியணை ஏறியதை ஒட்டி வேலை தொடங்கியது. 536க்குள் இங்கே வழிபாடு நடந்துகொண்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரைப் பின்னர் கைப்பற்றிய ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் பயசித்தின் காலத்தில், பள்ளிவாசலாக மாறியது. இன்றும் ஐந்து வேளைத் தொழுகை நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, நான் தலையில் முக்காடிட்டுக்கொண்டு, உள்ளே போனோம்.

உடன் வந்திருக்கும் அண்ணன் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் பார்வை விரிசலையும் நீர்க்கசிவையும் தேடிப் போகும். என் பார்வை சுவரில் எழுதிய முகத்தைத் தேடிப் போகும். பைசாந்தியக் கலையைப் பார்க்க இந்த இரண்டு பார்வைகளும் சேர்ந்தே வேண்டும் என்பது என் எண்ணம். ஓவியம் எங்கே இருக்கிறது, எந்த வளைவின் மேல், எவ்வளவு உயரத்தில், எந்தச் சாளரத்துக்கு எதிரே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு அதன் அழகை மட்டும் பேசினால், அச்சடித்த படத்தைப் பார்ப்பதற்கும் இங்கே வந்து பார்ப்பதற்கும் வேறுபாடு இல்லாமற்போகும்.

முதலில் அண்ணனின் பங்கு. நான்கு சுவர் கொண்ட கூடத்தின் மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி ஏற்றுவது என்பதே ஆறாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர்களின் பெருஞ்சிக்கல். இந்தத் தேவாலயத்தில் அதற்குக் கண்ட தீர்வு நடுவழியில் நிற்கும் ஒன்று. சற்றுக் கோணலான சதுரச் சுவர்களுக்குள்ளே எண்கோணமாக எட்டுக் கனத்த தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் எட்டு வளைவுகளைப் போட்டு, குவிமாடத்தை 16 துண்டுகளாகப் பகுத்திருக்கிறார்கள். எட்டுத் துண்டுகள் தட்டையானவை. இடையிடையே உள்ள மற்ற எட்டும் பூசணிக்காயின் வரிபோல் குழிந்தவை. குழிந்த துண்டுகள் எண்கோணத்தின் மூலைகளில் வந்து இறங்குவதால், எண்கோணத்துக்கும் வட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கூரையே தன் மடிப்புகளுக்குள் விழுங்கிக்கொள்கிறது. அண்ணன் கழுத்தைப் பின்னால் சாய்த்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, "தங்கச்சி, இவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான், ஆனால் இன்னும் துணியவில்லை" என்றார்.

தூண்களின் போதிகைகள் துரப்பணத்தால் குடைந்த சரிகை வேலைப்பாடு கொண்டவை. இலைகள் கல்லின் உடம்பிலிருந்து பிரிந்து நிழலின் மேல் மிதக்கின்றன. அவற்றுக்கு மேலே கூடம் முழுவதையும் சுற்றி ஓடும் கற்பட்டையில் கிரேக்கக் கவிதை ஒன்று பெரிய எழுத்துகளில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முன்பு ஆண்ட அரசர்கள் பயனற்ற உழைப்புடைய மாந்தரைப் போற்றினார்கள், எங்கள் ஜஸ்டினியனோ கிறிஸ்துவின் ஊழியனான செர்கியூஸுக்கு மாளிகை எடுத்தான் என்று தொடங்கி, உறங்காத அரசனின் ஆட்சியைக் காக்கவும், ஏழைகளுக்கு உணவளிக்க ஓயாமல் உழைக்கும் அரசி தியோடோராவின் வல்லமையைப் பெருக்கவும் வேண்டிக்கொண்டு அது முடிகிறது. பாக்கூஸின் பெயர் பாட்டில் எங்குமே இல்லை. அரசனும் அரசியும் செர்கியூஸும் மூவராக நிற்கும் இடத்தில் அந்தத் தோழர் எப்படியோ விடுபட்டுவிட்டார்.

சிறு நிறக்கற்களைப் பதித்துச் செய்யும் மொசைக் ஓவியம் என்று இங்கே எதுவும் மிஞ்சவில்லை. வெள்ளைச் சுண்ணப் பூச்சும் ஒட்டோமான் பூவேலையும்தான். அதனாலேயே கட்டடத்தின் எலும்பு துலக்கமாகத் தெரிகிறது. நாளைக்குப் பெரியதைப் பார்க்கும் முன் கண்ணுக்கு இந்தப் பயிற்சி நல்லது.

வியாழன்: ஹாகியா சோபியா

532 ஜனவரியில் தேர்ப்பந்தயக் கட்சிகள் ஒன்றுசேர்ந்து எழுப்பிய நிக்கா கலகத்தில் நகரத்தின் நடுப்பகுதி எரிந்தது; பழைய ஹாகியா சோபியாவும் அதில் போயிற்று. கலகத்தை அடக்கியபோது ஹிப்போட்ரோமில் மட்டும் 30,000 பேர் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியூஸ் எழுதுகிறார். இரத்தம் காய்வதற்குள் புதிய தேவாலயத்தின் வேலை தொடங்கியது. 537 டிசம்பர் 27 அன்று திறப்பு விழா நடந்தது. ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பொறுப்பேற்ற இருவரும் வெறும் கொத்தனார்கள் அல்லர். டிரால்லஸ் ஊரின் அந்திமியூஸ் சூரிய ஒளியைக் குவித்து எரிக்கும் ஆடிகளைப் பற்றி நூல் எழுதிய வடிவியல் அறிஞர். மிலேட்டஸ் ஊரின் இசிடோர் வடிவியல் ஆசிரியர். குவிமாடம் என்னும் வினாவைத் தேர்வுத்தாளில் எழுதுவதற்கும் மண்ணின் மேல் எழுதுவதற்கும் உள்ள தொலைவை இந்த இருவரும் அறிந்துகொள்ள நேரிட்டது.

2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் 25 யூரோ கட்டி மேல்மாடத்துக்கு மட்டுமே போகலாம். கீழ்த்தளம் தொழுகைக்கு வருபவர்களுக்கு. 1935 முதல் அருங்காட்சியகமாக இருந்தது, 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலானது. இதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. எனக்கும் உண்டு, ஆனால் இந்தக் குறிப்பை அதற்குச் செலவிட விரும்பவில்லை. நடைமுறை விளைவு ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மைய வாயிலைக் கடந்து உள்ளே அடி வைத்ததும் கூரை படிப்படியாக உயர்ந்து தலைக்கு மேல் விரியும் அந்த அனுபவத்துக்காகத்தான் இந்தக் கட்டடமே திட்டமிடப்பட்டது, அது இப்போது நமக்குக் கிடையாது. கற்கள் பாவிய சாய்தளத்தில் ஏறி, பக்கவாட்டிலிருந்து, பாதி உயரத்திலிருந்து அதைச் சந்திக்கிறோம்.

அப்படியும் வாய் பேச எழவில்லை. நேற்றுப் பார்த்த எண்கோணம் இங்கே இல்லை. நான்கு பெருந்தூண்கள், நான்கு வளைவுகள். அந்த வளைவுகள் சதுரமாகச் சந்திக்கும் மூலைகளிலிருந்து, பெரிய கோளம் ஒன்றின் மேற்பரப்பில் வெட்டியெடுத்தவை போன்ற முக்கோணத் துண்டுகள் எழுந்து வளைந்து, மேலே ஒன்றையொன்று தொட்டு முழு வட்டமாகிவிடுகின்றன. அந்த வட்டத்தின் மேல் ஏறக்குறைய 31 மீட்டர் குறுக்களவுள்ள குவிமாடம் அமர்ந்திருக்கிறது; அதன் உச்சி தரையிலிருந்து 55 மீட்டர் உயரத்தில். அதன் அடிவிளிம்பைச் சுற்றி 40 சாளரங்கள். காலை வெயில் அவற்றின் வழியே வரும்போது சாளரங்களுக்கு இடையே உள்ள சுவர் கண்ணிலிருந்து மறைந்து, குவிமாடத்தைத் தாங்குவது ஒளிதானோ என்று தோன்றுகிறது. வானத்திலிருந்து பொற்சங்கிலியால் தொங்கவிட்டதைப் போல இருக்கிறது என்று புரோக்கோப்பியூஸ் எழுதியதை முன்பெல்லாம் அரசவைப் புகழ்ச்சி என்றே நினைத்திருந்தேன். அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் சங்கிலி இல்லை என்பது 558ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்தது. முந்தைய ஆண்டின் நிலநடுக்கங்களில் தளர்ந்திருந்த குவிமாடத்தின் கிழக்குப் பகுதி, அதைத் தாங்கிய வளைவோடும் ஒட்டியிருந்த அரைக்குவிமாடத்தின் ஒரு பங்கோடும் இடிந்து பலிபீடத்தின் மேல் விழுந்தது. காரணத்தை அண்ணன் மேல்மாடத்தின் கைப்பிடிச் சுவரில் விரலால் வரைந்து காட்டினார். முதல் குவிமாடம் அளவுக்கு மீறித் தட்டையானது. தட்டையாக ஆக ஆக, எடை கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவது கூடும். கிழக்கிலும் மேற்கிலும் அந்தத் தள்ளுதலை வாங்கிக்கொள்ள அரைக்குவிமாடங்கள் உள்ளன; வடக்கிலும் தெற்கிலும் வெறும் வளைவும் சாளரச் சுவரும்தான். மேலும், இங்கே செங்கல்லுக்கு இடையே உள்ள சாந்து செங்கல்லின் தடிமனுக்கு நிகரானது, சில இடங்களில் அதைவிடவும் தடிமனானது. செங்கற்பொடி கலந்த அந்தச் சுண்ணச்சாந்து மெதுவாக இறுகும் தன்மையுடையது, பேரரசரோ அவசரப்பட்டார். சாந்து உலர்வதற்குள் மேலே மேலே எடை ஏறியதால், நான்கு பெருந்தூண்களும் கட்டும்போதே வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டன. மேல்மாடத்தில் நின்று தூண்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அந்தச் சாய்வு எந்தக் கருவியும் இல்லாமலே தெரிகிறது. மூத்த இசிடோரின் உறவினரான இளைய இசிடோர் புதிய குவிமாடத்தை ஆறு மீட்டருக்கும் மேல் உயர்த்தி, செங்குத்தாகக் கட்டினார். 562 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். அதன் பிறகு 989இலும் 1346இலும் பகுதி பகுதியாக விழுந்தது. 989இல் விழுந்ததைச் செப்பனிட ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் திர்தாத் வந்தார். இன்று நாம் பார்க்கும் கூரை, வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த துண்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்பது.

இனி என் பங்கு. ஜஸ்டினியனின் தேவாலயத்தில் கூரை முழுவதும் பொன் மொசைக் பதித்திருந்தார்கள். அதில் மனித உருவம் இருந்ததாகத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. சிலுவைகளும் இலைக்கொடிகளும் வடிவியல் கோலங்களும் மட்டுமே. அவற்றில் ஒரு பகுதி முன்மண்டபத்திலும் பக்கக் கூடங்களிலும் இன்றும் இருக்கிறது. 562இன் மறுதிறப்பை ஒட்டிக் கவிதை பாடிய பவுல் சிலென்சியாரியூஸ், பலிபீடத்தின் முன் இருந்த வெள்ளித் தடுப்பில் கிறிஸ்துவும் மரியாளும் தேவதூதர்களும் தீர்க்கதரிசிகளும் வட்ட வட்டமாக அமைந்திருந்ததைச் சொல்கிறார். ஆனால் அவர் மனம் தோய்ந்து வருணிப்பது பளிங்குகளைத்தான். தெசலியின் பச்சை, எகிப்தின் ஊதா, மர்மரா தீவின் சாம்பல் வெள்ளை. ஒரே கல்லை மெல்லிய பலகைகளாக அறுத்து, புத்தகம் திறப்பதுபோல் அடுத்தடுத்துப் பதித்ததால் சுவரெங்கும் நரம்புகள் இரட்டை இரட்டையாக எதிரொலிக்கின்றன. இந்தத் தேவாலயம் முதல் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கதை எதையும் சொல்லாமல், ஒளியையும் கல்லையும் வெளியையும் மட்டும் வைத்துக்கொண்டு நின்றது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மேல்மாடத்தில் இருக்கும் புகழ்பெற்ற உருவ மொசைக்குகளை இன்று பார்த்துவிட்டேன். ஆனால் அவற்றைப் பற்றி நாளை எழுதுகிறேன். இடையில் ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்தாக வேண்டும்.

வெள்ளி: ஹாகியா ஐரீன், பிறகு நேற்றைய மொசைக்குகள்

ஒட்டோமான் சுல்தான்களின் தோப்காப்பி அரண்மனையின் முதல் முற்றத்தில், மரங்களுக்கு நடுவே, கூட்டம் அதிகம் எட்டிப்பார்க்காத ஹாகியா ஐரீன் என்னும் தேவாலயம் இருக்கிறது. நிக்கா கலகத்தில் எரிந்து, ஜஸ்டினியனால் மீண்டும் கட்டப்பட்டு, 740ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சேதமாகி, பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டது. ஒட்டோமான்கள் இதைப் பள்ளிவாசலாக மாற்றவில்லை, படைக்கலக் கொட்டிலாக வைத்துக்கொண்டார்கள். உள்ளே பூச்சு எதுவும் இல்லை. செங்கல் செங்கல்லாகவே தெரிகிறது. கிழக்கு முனையில் குருமார் அமர்வதற்கான அரைவட்டப் படிவரிசை ஆறு அடுக்குகளாக அப்படியே இருக்கிறது. இஸ்தான்புல்லின் பழைய தேவாலயங்களில் வேறெங்கும் இது மிஞ்சவில்லை.

அந்தப் படிவரிசைக்கு மேலே உள்ள அரைக்குவிமாடத்தில், பொன் பின்னணியில், கருங்கோட்டால் எல்லையிட்ட ஒரே ஒரு சிலுவை. வேறு எதுவும் இல்லை. மரியாள் இல்லை, கிறிஸ்துவின் முகம் இல்லை. ஐந்தாம் கான்ஸ்டன்டைன் திருவுருவங்களை எதிர்த்தவர்களில் மிகக் கடுமையானவர். 754இல் ஹியரியாவில் ஆயர்களைக் கூட்டி உருவ வணக்கத்தைத் தடை செய்தவர். கிறிஸ்துவை வரைந்தால் ஒன்று அவருடைய மனிதத் தன்மையை மட்டும் பிரித்து வரைகிறீர்கள், அல்லது வரையமுடியாத தெய்வத் தன்மையையும் கோட்டுக்குள் அடைக்கிறீர்கள், இரண்டும் பிழை என்பது அவர்கள் வாதம். இதற்கு எதிர்வாதம் பேரரசின் எல்லைக்கு வெளியே, கலீபாவின் ஆட்சியில் வாழ்ந்த தமஸ்கு நகர யோவானிடமிருந்து முன்பே வந்திருந்தது: கடவுள் உடலெடுத்துக் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அவரை வரையக் கூடாது என்பது, அவர் உடலெடுத்ததையே மறுப்பதாகும், உருவத்துக்குச் செய்யும் மரியாதை உருவத்துக்கு உரியவரைச் சென்றடைகிறது, பலகையோடும் நிறத்தோடும் நின்றுவிடுவதில்லை. 787இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் உருவங்களை மீட்டது. 815இல் மீண்டும் தடை. 843இல் பேரரசி தியோடோரா (ஜஸ்டினியனின் மனைவி அல்ல, மூன்று நூற்றாண்டு பிந்தியவர்) தடையை நிலையாக நீக்கினார். கிழக்குத் திருச்சபை அதைத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு தோறும் இன்றும் கொண்டாடுகிறது.

உருவங்களை எதிர்த்தவர்கள் கலையை அறியாதவர்கள் என்றொரு எண்ணம் பொதுவாக உண்டு. ஐரீனின் சிலுவை அதைப் பொய்யாக்குகிறது. குழிந்த பரப்பில் நேர்க்கோடு வரைந்தால் கீழிருந்து பார்ப்பவருக்குச் சிலுவையின் கைகள் மேல்நோக்கி வளைந்து தெரியும். அதைத் தவிர்க்க, பதித்தவர்கள் கைகளைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார்கள். நடுக்கூடத்தில் நிற்கும் நமக்கு அவை நேராகத் தெரிகின்றன. பொன் கற்களும் உயர்ந்த தரம். அண்ணன் இதைக் கண்டதும் மனம் மகிழ்ந்து, பத்தடி முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்ப் பார்த்தார். காவலர் அவரை ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சிலுவையைப் பார்த்த பிறகுதான் ஹாகியா சோபியாவின் உருவங்கள் என்ன துணிவோடு அங்கே ஏறின என்பது விளங்குகிறது. அரைவட்ட மாடத்தில் குழந்தை இயேசுவை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் மரியாளின் மொசைக், 867 மார்ச் 29 அன்று தலைமை ஆயர் போத்தியூஸ் மறையுரையாற்றத் திறந்து வைக்கப்பட்டது. அதைச் சுற்றி எழுதியிருந்த வாசகம், வஞ்சகர்கள் இங்கே இறக்கிய உருவங்களைப் பக்தியுள்ள அரசர்கள் மீண்டும் நிறுவினார்கள் என்பது; ஓரிரு எழுத்துத் துண்டுகளே இன்று எஞ்சியுள்ளன. வேடிக்கை என்னவென்றால் அந்த இடத்தில் இறக்குவதற்கு முன்பு உருவம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. இப்போது தொழுகை நடக்கும் இடத்தில் இருப்பவர்களின் பார்வையில் படாதபடி துணித்திரை தொங்குகிறது. மேல்மாடத்தில் சரியான கோணத்தில் நின்றால் திரையின் பின்னால் அவள் தெரிகிறாள். அத்தனை பெரிய வெளியில் அவள் மிகச் சிறியவள். கட்டடம் உருவத்துக்காகக் கட்டப்படவில்லை. உருவம் பின்னால் வந்து இடம் தேடிக்கொண்டது.

தெற்கு மேல்மாடத்தின் கடைசியில் பேரரசி சோயியின் மொசைக். நடுவே கிறிஸ்து, ஒரு பக்கம் பணப்பையுடன் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன், மறுபக்கம் கொடை எழுதிய சுருளுடன் சோயி. 1042இல் அறுபதைக் கடந்த வயதில் சோயி மூன்றாம் முறையாக மணந்தவர் இந்தக் கான்ஸ்டன்டைன். மூன்று தலைகளும் பழையவற்றைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதித்தவை. அரசரின் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். கணவர் மாறினால் முகம் மாறுவது புரிகிறது. கிறிஸ்துவின் முகத்தையும் ஏன் மாற்றினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். எதுவும் என்னை நிறைவு செய்யவில்லை. அடுத்ததாக, அதேபோல் பணப்பையுடன் பேரரசர் இரண்டாம் யோவான் கொம்னேனோஸும் ஹங்கேரியிலிருந்து வந்த அவர் மனைவி ஐரீனும். இவர்களை நாளை வேறிடத்தில் மீண்டும் பார்ப்போம்.

எதிர்ப்புறச் சுவரில் உள்ளதுதான் எல்லாவற்றிலும் மேலானது. கடைசி நாளில் மனிதருக்காகப் பரிந்து பேச மரியாளும் திருமுழுக்கு யோவானும் கிறிஸ்துவின் இருபுறமும் நிற்கும் காட்சி. 1204இல் நகரைக் கைப்பற்றிய சிலுவைப்போர் வீரர்களிடமிருந்து 1261இல் அதை மீட்ட பிறகு செய்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. கீழ்ப்பாதி முழுவதும் உதிர்ந்துவிட்டது. முகங்கள் மிகச் சிறிய கற்களால் ஆனவை. கன்னத்தில் பச்சையும் இளஞ்சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் விதத்தைத் தூரிகையால்கூட எளிதில் எட்ட முடியாது. படத்தில் ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுகிறது; இடப்பக்கத்தில்தான் உண்மையான சாளரமும் இருக்கிறது. நிழலை எங்கே போடுவது என்பதைக் கலைஞர் சுவரைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார். யோவானின் முகத்தில் உள்ள துயரம் இறைவனிடம் வழக்காடிக் களைத்துப்போனவரின் துயரம்.

இந்த மொசைக்குகளை 1847–49இல் சுல்தான் அப்துல்மெசித்துக்காகக் கட்டடத்தைச் செப்பனிட்ட ஃபொசாத்தி சகோதரர்கள் கண்டு, வரைந்து வைத்துக்கொண்டு, மீண்டும் பூசி மூடினார்கள். 1931 முதல் தாமஸ் விட்டமோர் என்ற அமெரிக்கரின் குழு பூச்சை அங்குலம் அங்குலமாக நீக்கியது.

சனி: ஸெய்ரெக், ஃபெத்தியே

வலென்ஸ் நீர்ப்பாலத்துக்கு வடக்கே உள்ள ஸெய்ரெக் குன்றில் இரண்டாம் யோவானும் ஐரீனும் நிறுவிய பந்தோக்ராதோர் மடம். 1118க்கும் 1136க்கும் இடையே ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று தேவாலயங்களாக இது வளர்ந்தது: தெற்கில் மடத்துத் துறவிகளுக்கு, வடக்கில் பொதுமக்களுக்கு, நடுவில் அரச குடும்பத்தின் கல்லறைகளுக்கு. 1136இல் எழுதிய மடத்துச் சட்டத்தில் 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கு ஏற்பாடு இருக்கிறது. அதில் 12 பெண்களுக்கு. ஹாகியா சோபியாவில் பணப்பையோடு நின்ற அரசரின் பணம் எங்கெல்லாம் போயிற்று என்று இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

தெற்குத் தேவாலயத்தின் குவிமாடம் ஏறக்குறைய ஏழு மீட்டர்தான். நகரில் நான்கு தூண்களின் மேல் குவிமாடம் ஏறிய இந்த வகைத் தேவாலயங்களில் இதுவே பெரியது என்றால், 537க்குப் பிறகு அளவு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். பணம் குறைந்தது ஒரு காரணம். ஆனால் தேவையும் மாறிவிட்டது. பேரரசரும் தலைமை ஆயரும் ஊர்வலமாக வந்து சந்திக்கும் பொதுக்கூடத்துக்குப் பதிலாக, சில பத்துத் துறவிகள் இரவும் பகலும் செபிக்கும் இடம் வேண்டியிருந்தது. நான்கு தூண்கள், அவற்றின் மேல் சிறு குவிமாடம், நான்கு திசைக்கும் நான்கு வளைகூரைகள். மேலிருந்து பார்த்தால் சதுரத்துக்குள் சிலுவை. உருவங்களுக்கு இது மிகவும் உகந்த வீடு. குவிமாடத்தின் உச்சியில் அனைத்தையும் ஆளும் கிறிஸ்து, கிழக்கு மாடத்தில் மரியாள், வளைவுகளில் கிறிஸ்து பிறப்பும் திருமுழுக்கும் சிலுவைப்பாடும் உயிர்ப்பும், கண்மட்டத்துக்கு அருகே சுவரெல்லாம் புனிதர்கள். வானம் மேலே, மண் கீழே என்ற அடுக்கு. அந்த முழு வரிசையையும் காண கிரேக்க நாட்டில் தாஃப்னி, ஓசியோஸ் லூக்காஸ் மடங்களுக்குத்தான் போக வேண்டும். ஸெய்ரெக்கில் சுவர் வெறுமையாக இருக்கிறது. நிறக்கற்களை வெட்டி இழைத்த தரை கம்பளத்துக்கு அடியில் கிடக்கிறது.

வெளிச்சுவரில் அண்ணன் எனக்கொன்று காட்டினார். செங்கல் வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்றை உள்ளே தள்ளி வைத்து, மேலே சாந்தால் மூடியிருக்கிறார்கள். அதனால் சாந்து செங்கல்லைவிட மும்மடங்கு தடிமனாகத் தோன்றி, சுவரில் அகலமான வெளிர்க்கோடுகள் ஓடுகின்றன. இந்த முறையைக் கொண்டே ஒரு சுவர் ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாமாம்.

அங்கிருந்து ஃபெத்தியேவுக்கு நடந்தோம். 1456 முதல் 1587 வரை கிரேக்கத் திருச்சபையின் தலைமையிடமாக இருந்த பம்மகாரிஸ்தோஸ் தேவாலயம் இது. ஒரு தளபதியின் கல்லறைக்காக அவர் மனைவி ஏறத்தாழ 1310இல் எழுப்பிய பக்கத் தேவாலயத்தின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்தோம். கணவருக்காக மனைவி சொல்வதுபோல் அமைந்த கிரேக்கப் பாடல் கல்வரியாகச் சுவரின் மேல் ஓடுகிறது. கால்கள் வலித்தன. அதிகம் எழுத இல்லை.

ஞாயிறு: கோரா

நகரின் மேற்கெல்லையில், எதிர்னேகாப்பி வாயிலுக்கு அருகே, பேரரசர் தியோடோசியூஸின் பெருமதிலை ஒட்டிக் கோரா மடத்தின் தேவாலயம், துருக்கியர் வழக்கில் காரியே. 1948 முதல் பத்தாண்டுகள் இதன் ஓவியங்களைச் சுத்தம் செய்து, 1958இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2024 மே மாதம் முதல் பள்ளிவாசல். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. நடுக்கூடத்தில் உள்ள மொசைக்குகளைத் திரைகள் மறைக்கின்றன. முன்மண்டபங்களும் பக்கத் தேவாலயமும் திறந்தே உள்ளன. கோராவின் செல்வம் பெரும்பாலும் அவற்றில்தான் என்பதால் இழப்பு சிறியது.

ஓவியங்களுக்குக் காரணமானவர் தியோடோர் மெத்தோகித்தேஸ். பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிக்கோஸின் முதலமைச்சர், கவிஞர், வானியல் அறிஞர், கருவூலத்தைக் கையில் வைத்திருந்த பெருஞ்செல்வர். ஏறத்தாழ 1315 முதல் 1321 வரை இதைப் புதுப்பித்தார். உள்வாயிலின் மேல் அவரே முழந்தாளிட்டு, தேவாலயத்தின் சிறு வடிவத்தைக் கிறிஸ்துவிடம் நீட்டுகிறார். தலையில் பொன்வரியிட்ட மாபெரும் தொப்பி, கிறிஸ்துவின் ஒளிவட்டத்தோடு போட்டியிடும் அளவுக்கு. பணிவையும் பதவியையும் ஒரே படத்தில் இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்முன்மண்டபத்தின் தெற்கு மூலையில் இன்னொரு பெரிய மொசைக். கிறிஸ்து, மரியாளின் காலடியில் முந்தைய கொடையாளரான இளவரசர் ஈசாக்கு கொம்னேனோஸ். ஸெய்ரெக்கைக் கட்டிய இரண்டாம் யோவானின் தம்பி இவர். மறுபுறம் மெலானி என்னும் துறவி; மங்கோலிய அரசர் அபாகா கானுக்கு மணமுடித்து அனுப்பப்பட்டு, அவர் இறந்தபின் திரும்பிவந்த அரசகுமாரி மரியா இவர்தான் என்று கருதுகிறார்கள்.

வெளிமுன்மண்டபத்தில் கிறிஸ்துவின் பிறப்பும் அருஞ்செயல்களும், உள்முன்மண்டபத்தில் மரியாளின் இளமையும் வளைகூரை தோறும் நெருங்கியிருக்கின்றன. மரியாளின் பெற்றோர் யோவாக்கீமும் அன்னாவும் நற்செய்தி நூல்களில் வருவதில்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய நூலிலிருந்து வந்தவர்கள். தளர்நடையில் முதல் ஏழடி எடுத்துவைத்துத் தாயிடம் கைநீட்டும் குழந்தை மரியாள் ஒரு பக்கம். இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து அவளைக் கொஞ்சும் காட்சி இன்னொரு பக்கம். ஹாகியா சோபியாவின் முகங்கள் நம்மை நேர்கொண்டு பார்க்கின்றன; இங்கே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். காரணத்தில் பாதி கட்டடத்தில் இருக்கிறது. முன்மண்டபம் அகலம் குறைந்தது, கூரை தாழ்வு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிறு வளைவு. 55 மீட்டர் உயரத்தில் இந்தக் கொஞ்சலை வைத்தால் யாருக்கும் தெரியாது.

வரிப்பதிவுக் காட்சியின் முன் நெடுநேரம் நின்றேன். கருவுற்ற மரியாள் ஆளுநர் குரேனியூவின் முன் நிற்கிறாள். எழுத்தர் சுருளை விரித்துப் பெயர் கேட்கிறார். இவ்வளவு விரிவாக இந்தக் காட்சி கிடைப்பது அரிது. பேரரசின் வரிக்கணக்கைப் பார்த்த ஒருவர் கட்டிய தேவாலயத்தில் கிறிஸ்துவின் குடும்பமே வரிப்பட்டியலில் பெயர் கொடுக்க வரிசையில் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தெற்கே உள்ள பக்கத் தேவாலயம் கல்லறைக் கூடம். இங்கே மொசைக் கிடையாது; சுண்ணப் பூச்சின் மேல் தீட்டிய சுதை ஓவியம். கூரையில் கடைசித் தீர்ப்பு. தேவதூதர் ஒருவர் சூரியனும் நிலவும் விண்மீன்களும் கொண்ட வானத்தைச் சுருட்டிக் கையில் ஏந்திப் பறக்கிறார். கிழக்கு மாடத்தில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கும் காட்சி. நொறுங்கிய கதவுகளும் சிதறிய பூட்டுகளும் காலடியில் கிடக்க, கட்டுண்ட சாத்தானின் மேல் வெண்ணாடையில் கால்பரப்பி நின்று, இடக்கையில் ஒருவர், வலக்கையில் ஒருவர் என ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். ஒரு பக்கம் திருமுழுக்கு யோவானும் தாவீதும் சாலமோனும். மறுபக்கம் மேய்ப்பன் கோலோடு ஆபேல். இந்தப் பரப்பு குழிந்தது. ஆதாமும் ஏவாளும் குழிவின் இரு ஓரங்களில், அதாவது நமக்கு அருகில் இருக்கிறார்கள். கிறிஸ்து நடுவில், ஆழத்தில் இருக்கிறார். அவர் இழுப்பது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. தட்டையான சுவரில் இது ஒரு நல்ல படமாக மட்டுமே இருந்திருக்கும். வளைவில் ஏவாளின் சிவப்பு ஆடையும் ஆதாமின் முழங்கையும் உண்மையாகவே காற்றில் எழுகின்றன. ஹாகியா ஐரீனில் சிலுவையின் கையைச் சற்றுக் கீழே வளைத்து அந்தக் குழிவை மறைத்தார்கள். இங்கே மறைக்கவில்லை, குழிவையே விசையாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் என் பின்னால் நின்று, "பாரத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்தவன் வரைந்தது" என்றார். அவர் வாயிலிருந்து ஓர் ஓவியத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

1328இல் இரண்டாம் ஆண்ட்ரோனிக்கோஸின் பேரன் தாத்தாவைத் தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடித்தபோது, மெத்தோகித்தேஸின் மாளிகை சூறையாடப்பட்டு, அவர் நாடுகடத்தப்பட்டார். பின்னர் அனுமதி பெற்று, தாம் பணம் கொடுத்து அழகுசெய்த இதே மடத்துக்கு எளிய துறவியாகத் திரும்பி வந்து 1332இல் இறந்தார். பக்கத் தேவாலயத்தின் வடசுவரில் உள்ள பெரிய கல்லறை மாடம் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. பெயர் பொறித்த கல் எதுவும் அதில் இப்போது இல்லை, மேல்வளைவில் கிறிஸ்துவும் தேவதூதர்களும் மட்டும் கல்லில் இருக்கிறார்கள்.